பார் ஹோட்டல் பெயரில் போன கடிதங்கள்

காஞ்சிரப்பள்ளி நர்சிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் என்றால் சாஜு குரியாக்கோஸ்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், மெயில் சர்வர் படுத்தாலும் அவரைத்தான். பத்தொன்பது வருடமாக இதே பிழைப்பு.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை, கொட்டும் மழையில் போன் வந்தது. ஜிஸ்மி. இதே கல்லூரியில் படித்துவிட்டு ஈராட்டுப்பேட்டையில் வேலை பார்ப்பவள். அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்று அவளை வேலைக்கு எடுத்திருந்தது. அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலுக்குக் கல்லூரியின் சான்று, கல்லூரியின் சொந்த மெயில் முகவரியிலிருந்தே, வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

"சாரே, அவங்களுக்கு ஒண்ணும் வரலையாம்."

"போன மாசமே அனுப்பியாச்சே மோளே."

அனுப்பியது நிஜம். போய்ச் சேரவில்லை. திரும்பி வந்த மெயில்கள், ஓய்வு பெற்றுவிட்ட பதிவாளரின் பெட்டியில் குவிந்து கிடந்தன. அதை யாரும் திறப்பதில்லை.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. மெயிலை வாங்கும் சர்வர், அனுப்பும் சர்வரின் எண்ணைப் பார்த்து, இது யாருடைய எண் என்று விசாரிக்கும். கிடைக்கும் பெயரும் அனுப்புகிறவர் சொல்லும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கதவைச் சாத்திவிடும். மே மாதம் கல்லூரி புது இன்டர்நெட் லைனுக்கு மாறியிருந்தது. அந்த லைனின் எண் இன்னமும் பழைய வாடிக்கையாளரான ஒரு பார் ஹோட்டலின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. மாற்றிய அன்று சாஜு, பக்கத்து அறையிலிருந்த பிரின்சிபால் சிஸ்டர் ஹில்டாவுக்கு, கல்லூரிக்குள்ளேயே சுற்றும் ஒரு மெயில் போட்டுப் பார்த்தார். சேர்ந்தது. எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டார்.

கிளார்க் தங்கச்சன் எட்டிப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளா சிஸ்டர்மாரோட சர்டிபிகேட் பார்ல இருந்தா போயிட்டிருந்துச்சு? ஐரிஷ்காரன் இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவான்?"

சாஜு போனை எடுத்தார்.

பெயரை லைன் கொடுத்த கம்பெனிதான் மாற்ற முடியும். கல்லூரி முகவரியிலிருந்து மெயில் வந்தால் செய்கிறோம் என்றார்கள். அனுப்பினார். அவர்களுடைய சர்வரும் அதே காரணத்தைச் சொல்லித் திருப்பியது. புதன்கிழமை சீல் வைத்த கடிதத்தோடு கோட்டயத்திலுள்ள அவர்கள் ஆபீசுக்குப் பஸ் ஏறினார்.

"மெயில்ல அனுப்புங்க சேட்டா, அப்பதான் புகார் நம்பர் போட முடியும்," என்றாள் கவுண்டர் பெண்.

"உங்க சர்வர்தான் வாங்க மாட்டேங்குதே."

"அப்ப உங்க சர்வரைச் சரி பண்ணிட்டு அனுப்புங்க."

"அதைச் சரி பண்ணச் சொல்லித்தானே வந்து நிக்கிறேன்."

மேனேஜர் வரும்வரை இரண்டு மணி நேரம் நின்றார். வியாழன் சாயங்காலம் பெயர் மாறியது. ஆனால் கவுன்சிலின் சர்வர் பழைய பதிலையே ஒரு நாள் நினைவில் வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து முறை அனுப்பினார், ஐந்தும் திரும்பின. சனிக்கிழமை காலை முதல் தடவையிலேயே போனது. உடனே தானாக ஒரு பதிலும் வந்தது: காலக்கெடு முடிந்தது, இனி ஜனவரியில் விண்ணப்பிக்கவும்.

சாஜு ஜிஸ்மிக்குப் போன் செய்து, தன் தவறையும் சேர்த்தே சொன்னார்.

"வேலையை அதுவரைக்கும் வச்சிருக்க மாட்டாங்க சாரே. என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

"பதினாலு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"போன் பண்ணியே சொல்லிடுங்க. மெயில் போட வேண்டாம்."