மலையைப் பார்த்த நாற்காலி

அது ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. இடது கைப்பிடியில் யாரோ பீடி நெருப்பை வைத்து அழுத்திய தழும்பு இருக்கும். புரோக்கர் அண்ணன் அதை மொபெட்டின் பின்னால் ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் மனை காட்டக் கிளம்புவார். மற்ற புரோக்கர்கள் அப்ரூவல், சாலை அகலம், பஸ் ஸ்டாண்டிலிருந்து எத்தனை நிமிடம் என்று மூச்சுவிடாமல் பேசுவார்கள். இவர் பேசவே மாட்டார். மனையின் நடுவில் நாற்காலியைப் போட்டு, தோள் துண்டால் ஒரு தட்டு தட்டி, "உக்காருங்க" என்பார். உட்கார்ந்தால் எதிரே மலை. அவருடைய வியாபாரம் அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை. நாள் முழுக்க வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்துக் கொடுப்பேன். ஊரே நிலம் வாங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் அவர்களுக்குத் தாள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேனே என்ற அரிப்பு அங்கேதான் தொடங்கியது. என் வயதுப் பையன் ஒருவன் ஒரே மனையை எட்டு மாதத்தில் கைமாற்றிவிட்டுப் புது பைக்கில் வந்து இறங்கியதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்துவைத்திருந்த நகையை அடகு வைக்கக் கேட்டு ஒரு மாதம் நச்சரித்தேன். "திரும்ப எடுத்துக் குடுத்துடுவியா?" என்று மட்டும் கேட்டாள். ஒரே வருடத்தில் என்றேன். அந்த வயதில் ஒரு வருடம் என்பது எனக்கு மிக நீளமான காலம்.

அடி அண்ணாமலையைத் தாண்டி ஒரு சின்ன லேஅவுட். நல்ல கோடை. தாள்களை நானே எடுத்து நானே படித்தேன், ஒரு பழுது கிடையாது. தாள் தெரிந்தவளை யாரால் ஏமாற்ற முடியும் என்ற திமிர் வேறு. மூன்று முறை போனேன், மூன்று முறையும் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். ஆனாலும் நம் மனையிலிருந்து பார்க்கிற மலை வேறாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் மலைக்கு முதுகைக் காட்டி உட்காருவது வழக்கமில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, உடம்பு தானாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். நானும் திரும்பிக்கொண்டேன். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பின்னால் வேலிகாத்தான் முள் மண்டிய ஓர் ஓடை இருந்தது. மேலே உள்ள ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். ஓடை தூர்ந்துபோயிருந்ததால் தண்ணீர் என் மனையில் ஏறியது. அந்த ஐப்பசியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு போன் போட்டேன். அண்ணன் உடனே வந்துவிட்டார், ஒளியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் எதுனா பொய் சொன்னேனாம்மா? உக்காருன்னு சொன்னேன். நீதான் திரும்பிப் பாக்கல. விடு, வெயில் வரட்டும், வித்துக்கலாம்."

எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் அதைவிட ஆத்திரமாக இருந்தது.

வெயிலும் வந்தது, ஆளும் வந்தார். செய்யாறு பக்கம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். தனி ஆள். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறவர். கடைசிக் காலத்தை மலையடியில் கழிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில், ஓய்வுக்குக் கிடைத்த பணத்தை அப்படியே வைத்திருந்தார். அண்ணன் நாற்காலியைப் போட்டார், துடைத்தார், "உக்காருங்க" என்றார். டீச்சர் உட்கார்ந்து கைகூப்பினார், கண் கலங்கியது. நான் அவருக்குப் பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் திருப்ப ஒரு கை போதும். "இவ்ளோ நல்ல எடத்த ஏம்மா விக்கிற?" என்று கேட்டார். கல்யாணம் வைத்திருக்கிறோம் டீச்சர் என்றேன். அண்ணன் கடைசிவரை பொய் சொல்லவில்லை. சொன்னது நான். பத்திரம் பதிந்த அன்று, இது உங்களுக்குத்தான் என்று அண்ணன் நாற்காலியை டீச்சரிடமே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் கார் வாங்கிவிட்டார்.

அம்மாவின் நகை திரும்பியது. மிச்சத்தில் அடுத்த மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். இன்று என் பெயரில் மூன்று மனைகள் இருக்கின்றன. எப்படி ஆரம்பித்தாய் என்று சின்னப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள், மலையின் அருள் என்று சொல்லிவைக்கிறேன். ஆனால் வானம் இருட்டினால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். ஏரி நிரம்பக் கூடாது என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மூன்று வருடமாக ஏரி நிரம்பவும் இல்லை. போன ஆடியில் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கு மாலை வாங்கும்போதுகூட, இனி டீச்சரிடம் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பதே மனதில் ஓடியது.

போன வாரம் டீச்சர் போன் செய்தார். தை பிறந்ததும் வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கிறார், முதல் கல்லை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அன்று மாலையே போனேன். போகிற வழியில் இரண்டு முறை வண்டியைத் திருப்பி, மறுபடியும் திருப்பினேன். எல்லைக் கல்லோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்த நாற்காலியை அவிழ்த்து எனக்காகத் துடைத்துக்கொண்டிருந்தார் டீச்சர். நீலம் வெளுத்துவிட்டது, கைப்பிடித் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது.

நான் உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கி, ஓடைப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, அவரை உட்கார வைத்தேன்.

"இன்னாம்மா இது, மலைக்கு முதுகக் காட்டி உக்கார வெக்கிற?"

முட்புதரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஏரி, தண்ணீர், என் முழங்கால், நடக்காத கல்யாணம். டீச்சர் எழுந்திருக்கவில்லை. புதரையே பார்த்தபடி, திரும்பாமலே கேட்டார்.

"ஒனக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?"

அன்று போலவே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

"நீங்க மொத மொத இதுல உக்காந்தப்பவே தெரியுங்க டீச்சர்" என்றேன்.