பிள்ளையார்பாளையத்தில் பின்னணியை மங்கலாக்கப் போனேன்

இதைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஆனாலும் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பத் திட்டமிட்டிருப்பவர்கள் படித்துவிட்டுப் போவது நல்லது.

போன காரணம் சின்னது. என் ட்ரோன் படங்களைப் பார்க்கும் நண்பர்கள் எல்லாரும், "எல்லாமே ஒரே தெளிவா இருக்குடா, கண்ணு எங்க நிக்கிறதுன்னு தெரியல" என்று ஒரே குறையைச் சொல்வார்கள். உண்மைதான். ட்ரோன் கேமராவின் சென்சார் சின்னது, லென்ஸ் அகலமானது. மேலேயிருந்து எடுத்தால் கோபுரமும் குப்பைத்தொட்டியும் ஒரே தெளிவில் வந்து நிற்கும். ஒன்று மட்டும் தெளிவாக இருந்து மற்றதெல்லாம் கரைந்துபோக வேண்டும் என்றால் மூன்று வேலை செய்ய வேண்டும். லென்ஸின் ஒளித்துளையான அப்பெர்ச்சரை எஃப் 2.8க்குத் திறக்க வேண்டும், மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் லென்ஸுக்கு மாற வேண்டும், எடுக்கிற பொருளுக்குப் பக்கத்தில் போக வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். அந்த மூன்றாவதில்தான் நான் மண்ணைக் கவ்வினேன்.

மாசி மாதம், வெள்ளிக்கிழமை மாலை 5.10க்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி 7.20க்குக் காஞ்சிபுரம் வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஒரு லாட்ஜில் 1,100 ரூபாய்க்கு அறை. விசிறி சுற்றும், சத்தமும் போடும். மறுநாள் காலை 5.40க்கு ஆட்டோ. பிள்ளையார்பாளையம் இரண்டரை கிலோமீட்டர், 80 ரூபாய்.

"காலங்காத்தால பட்டுக்கடை எதுவும் தொறந்திருக்காதே சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

தெருவில் பாவு விரிப்பதைப் படமெடுக்கப் போகிறேன் என்றேன்.

"அதுக்குன்னா இதான் டைமு. ஏழரைக்கு மேல காத்து கெளம்பிடும். அதுக்கு முந்தியே சுருட்டிக்கினு உள்ள பூடுவாங்கோ."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காற்றில்லாத நேரம்தான் ட்ரோனுக்கும் தோது. பதிவு, பைலட் சான்றிதழ் எல்லாம் கையில் இருந்தன. அந்த இடத்தில் பறக்கவிடலாமா என்று வரைபடத்திலும் முதல் நாளே பார்த்திருந்தேன். எல்லாம் சரியாகச் செய்கிற ஆள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு.

தெருவில் அறுபது அடி நீளத்துக்கு அரக்கு நிறப் பாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பாவு என்றால் தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாக்கில் விரிக்கும் பட்டிழைகள். நாலாயிரத்துக்கு மேல் இருக்குமாம். ஒரு இழை மேலே, அடுத்தது கீழே என்று வரிசை மாறாமல் காக்க, இடையிடையே மூங்கில் குச்சிகளைச் செருகியிருந்தார்கள். தரையில் படாமல் இருக்க அங்கங்கே மரக்கால்கள் தாங்கின. ஒரு முனையில் மஞ்சள் புடவையில் விஜயா என்ற பெண் இழைகளுக்குக் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மறுமுனையில் நின்ற அவர் கணவர் லோகநாதனிடம் அனுமதி கேட்டேன்.

"மேல இருந்துதான எடுக்கப்போற? எடுத்துக்கோ சார், எங்களுக்கு இன்னா."

விஜயா வேலையை நிறுத்தாமலே பேசினார். "பதினாலு வருசமா அடுத்தவங்க பாவுல கூலிக்கு நெய்யுறேன் சார். இதான் மொத தடவ என் சொந்தப் பாவு. மூணு பொடவ வரும்."

6.25க்கு ட்ரோனை இருபது மீட்டர் உயரத்தில் நிறுத்தி எடுத்தேன். வழக்கம்போல எல்லாமே தெளிவு. பத்து மீட்டருக்கு இறக்கினேன், பிறகு ஐந்து. நேர் மேலேயிருந்து பார்த்தால் இழையும் தரையும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், எதுவும் மங்காது. பாவின் நீளத்துக்கே பார்க்க வேண்டும். அதற்கு அதன் மேலேயே தாழ்ந்து வர வேண்டும். லென்ஸை மாற்றி, அப்பெர்ச்சரைத் திறந்து, பாவுக்கு ஒன்றரை மீட்டர் மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். தெரு அப்படியே கரைந்தது. குனிந்த தலை நிமிராமல் திரையைப் பார்த்துப் படம் தட்டிக்கொண்டே இருந்தேன். ட்ரோன் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

தொள்ளாயிரம் கிராம் இயந்திரம் அந்தரத்தில் நிற்கிறது என்றால், அதற்கேற்ற காற்றைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விசிறிக்கு அடியில் காகிதம் வைத்தால் பறக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த நிமிஷம் தோன்றவில்லை. அந்தத் தெருவே காற்றுக்குப் பயந்து விடியற்காலையில் பாவை வெளியே கொண்டுவருகிறது. நான் காற்றைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

நடுப்பகுதியில் இன்னும் கஞ்சி படாத இழைகள் குபீரென்று எழும்பின. ஒரு மரக்கால் சாய்ந்தது. பாவு தொய்ந்து தரையைத் தொட்டது. இரண்டு குச்சிகள் நழுவி விழுந்தன. பதறிப்போய் ட்ரோனை ஒரேயடியாக மேலே ஏற்றினேன். மேலே ஏற அது இன்னும் வேகமாகக் காற்றைக் கீழே அடிக்கும். அந்த அடியில் மூன்றாவது குச்சியும் போனது. ட்ரோனைத் தள்ளிக் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததும் எனக்கு அதிர்ச்சிதான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனால் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. வாயில் பிரஷ்ஷோடு ஒருவர், பாதி முகம் சவர நுரையோடு ஒருவர், அடுப்பை அணைத்துவிட்டு வந்த நாலைந்து பெண்கள். ஆளுக்கு ஒரு இடத்தில் பாவைத் தாங்கிப் பிடித்தார்கள். தெருவில் பாவு தொய்ந்தால் பார்த்தவர் பிடித்துவிட வேண்டும், அங்கே அதுதான் வழக்கமாம். என்னைத் திட்டக்கூட யாருக்கும் நேரமில்லை. ஒரு அம்மா பாவு கட்டியிருந்த முனைக்கட்டையை என் கையில் திணித்தார்.

"இழுத்துப் புடி. தளர வுட்ட, உன்ன வுட மாட்டேன்."

6.50லிருந்து 11.15 வரை பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது, தோள் கழன்றுவிடும்போல இருந்தது, விடவில்லை. கோடியில் ஒரு குச்சி மட்டும் நழுவாமல் இருந்ததால், அங்கேயிருந்து இழை இழையாக வரிசை பிடித்துக்கொண்டு வந்தார்கள். அறுந்ததை விரலால் திரித்து ஒட்டினார்கள். நடுவில் நாலடி மட்டும் எதற்கும் மசியவில்லை. மண்ணும் சிக்கும்தான். அதை வெட்டி எடுத்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புடவைக்குத்தான் நீளம் தேறும்.

லோகநாதன் நிமிர்ந்து, "மூணு வராது. ரெண்டுதான்" என்றார்.

விஜயா நழுவி விழுந்த குச்சிகளைப் பொறுக்கி அடுக்கினார். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நஷ்டத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "அத அவராண்ட பேசிக்கோ" என்று கணவரைக் கைகாட்டினார். பேசிக் கொடுத்தேன். அந்த மூன்றாவது புடவை அதனால் திரும்பி வந்துவிடவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பாவு, காயப்போட்ட நூல், கோலம், பூக்கூடை என்று இலேசான எதன் மேலும் பத்து மீட்டருக்குக் கீழே ட்ரோனை இறக்காதீர்கள். பின்னணி மங்க வேண்டுமென்றால் கையில் கேமராவை எடுத்துக்கொண்டு நடந்து போங்கள், 50 எம்எம் லென்ஸ் போதும். இறக்கியே ஆக வேண்டுமென்றால் முதலில் வெறுந்தரைக்கு மேல் நிறுத்தி, புழுதி எழும்புகிறதா என்று பாருங்கள். ஆபத்து என்று தெரிந்தால் மேலே ஏற்றாதீர்கள், பக்கவாட்டில் விலக்குங்கள். அனுமதி கேட்கும்போது எவ்வளவு தாழ்வாக வரப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. கோயில்களின் பக்கம் ட்ரோனைக் கொண்டுபோகவே வேண்டாம். பாவு பார்க்க ஆறு மணிக்குப் போய்விடுங்கள், சும்மா நின்று பாருங்கள்.

கிளம்பும் முன் விஜயா டீ கொடுத்தார். அப்படி என்னதான் எடுத்தாய், காட்டு என்றார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். நல்ல படம், அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இழைகளை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

"நூலு நல்லா வந்துக்குது" என்றவர், மேலே கரைந்துகிடந்த ஒரு மஞ்சள் கறையில் விரலை வைத்தார். "இது இன்னா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் புடவை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு ட்ரோனை நோக்கி ஓடிவருகிறார். முகம் இல்லை, வாய் இல்லை. அடுத்த படத்திலும் இருந்தார், அதற்கடுத்ததிலும். மொத்தம் பதினோரு படம்.

"நான்தான அது? வாணாம் வாணாம்னு எப்டி கத்திக்கினு ஓடியாந்தேன்! இன்னா சார் இது, கேமரா செரியில்லையா?"

"கேமரா நல்லாத்தாம்மா இருக்கு" என்றேன். "நான்தான் அப்படி வெச்சேன்."

என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.