பேனல் மேல் விழுந்த நிழல்

மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டம் சாமியாடும்போது, இத்தனை ஜனத்துக்கு செல்போன் சிக்னல் எப்படித் தாங்குகிறது என்று யோசித்துக்கொண்டிருந்த ஆள் நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இப்போது எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

திண்டிவனத்தில் ஒரு நெட் கம்பெனியில் எனக்கு வேலை. செஞ்சி போகும் வழியில் ஒரு பாறைக்குன்றின் மேல் எங்கள் நாற்பதடிக் கம்பம், உச்சியில் டிஷ், அடியில் சோலார் பேனலும் சார்ஜ் நிற்காத பழைய பேட்டரியும்; வெயில் இருந்தால்தான் லிங்க். அந்தப் பக்கத்துக் கிராம ஆஸ்பத்திரிக்கு நெட் போவது அதன் வழியாகத்தான். சித்திரை மாதம், தினமும் பன்னிரண்டு பத்துக்கு லிங்க் செத்துவிடும், பன்னிரண்டரைக்கு உயிர் வரும். ஆபீஸில் கிராஃப் பார்த்தால், உச்சி வெயிலில் பேனலில் கரண்டே இல்லை. ஓரத்தில் நிழல் விழுந்தாலே பேனல் படுத்துவிடும், சரி. ஆனால் அங்கே மரமும் இல்லை, மட்டையும் இல்லை.

நானும் கூட வேலை பார்க்கும் யூசுப் பாயும் போனோம். கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் டவர் ஏறியவர். அவர் பேட்டரிப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு பேனல் மேல் ஒரு நிழல் விழுந்தது. இடுப்பு பெல்ட்டில் மாட்டி, தலைகீழாகத் தொங்கும் ஆள். ஒரு காலில் ஷூ, மறு காலில் விரல்கள் தெரிந்தன. மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், கம்பத்தில் யாருமில்லை. கம்பத்தின் நிழல்கூட வேறு பக்கம் கிடந்தது. நம்பினால் நம்புங்கள்.

பாய் எழுந்து, நிழல் கண்ணிலேயே படாதவர்போல் இடுப்பில் சேஃப்டி பெல்ட்டை மாட்டினார். "கீழ எல்லாம் சரியாத்தான் இருக்குது. மேல ஏறி டிஷ்ஷ பாத்துட்டு ஜல்தியா வந்துடுறேன்."

"வேணாம் பாய், ஏறாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடா செல்வம், பேஜாரு பண்ணிக்கினு?"

"தல சுத்துது பாய், ஊட்டுக்குக் கூட்டிக்கினு போங்க." திட்டிக்கொண்டேதான் குன்றிலிருந்து இறங்கினார்.

ஆபீஸில் 'பேனல் அழுக்கு, துடைத்தாயிற்று' என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் ஏற வேண்டாம் என்று எழுதவில்லை. சிரிப்பார்களே என்று வெட்கம். அந்த வெட்கத்துக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் லிங்க் தினமும் சாகவே, அடுத்த வாரம் விழுப்புரத்திலிருந்து வேறொருவரை ஏற்றினார்கள். அவர் கால் வைத்த துருப்பிடித்த கிளாம்ப் கழன்றுவிட்டது. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியவரை இறக்க இருபது நிமிடம் ஆனது. உயிர் இல்லை. ஒரு ஷூ பாறையில் கிடந்ததாம்.

அன்றைய கிராஃபை இன்னும் வைத்திருக்கிறேன். அவர் தொங்கியது பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டரை வரை, பேனலுக்கு நேர் மேலே. அன்றைக்கு மட்டும் கரண்ட் துளிகூடக் குறையவில்லை. தினமும் விழுந்த நிழல், ஆள் தொங்கிய அன்று விழவே இல்லை.