மூன்றாம் எண் காலுறை

நான் ஒரு ஹாக்கி அணிக்கு ஐந்து வருடம் மேனேஜராக இருந்தேன் என்றால் இப்போது வீட்டில் யாரும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மட்டையை நான் கையில் பிடித்தது மொத்தம் இரண்டு தடவை. இரண்டாம் தடவை என் கணுக்காலிலேயே அடித்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய வெலிங்டன் தீவில் ஒரு கிடங்குக் கம்பெனியில் குமாஸ்தா வேலை, மட்டாஞ்சேரியில் வீடு. தினமும் படகில் போய்வருவேன். படகில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று ஒரு பலகையில் எழுதியிருக்கும். ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டே நிற்பேன். ஒருவர் அதிகமானாலும் அடுத்த படகுக்குக் காத்திருப்பேன். இப்படிப்பட்ட ஆள் எதையும் தொலைக்க மாட்டான் என்று நினைத்துத்தான் மேலதிகாரி கம்பெனியின் ஹாக்கி அணியை என் தலையில் கட்டினார்.

ஆட்டம் தெரியாததால் நான் எண்ணினேன். யார் எத்தனை தடவை பந்தைப் பிடுங்கினார், எத்தனை தடவை பறிகொடுத்தார் என்று நீள நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். மைதானம் காயல் என்கிற உப்பங்கழியின் ஓரம் இருந்தது. எனக்குச் சளி பிடிக்கும் என்பதால் எதிர்ப்பக்கம், காய்ந்த மேட்டில் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்வேன்.

எங்கள் கேப்டன் கோல் காப்பவர். கம்பெனிக்காகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எல்லோருக்கும் அண்ணன் முறையில் சேட்டன். என் நோட்டை அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் நடந்து வருவதைப் பார்த்தே இன்றைக்கு இவன் வேண்டாம், அவன் போதும் என்பார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், நடையை வைத்து என்பார். நடையில் என்ன என்று கேட்டால் சாயா குடிக்கக் கூப்பிடுவார்.

கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் பேக் எங்களிடம் இருவர், ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். இரண்டாம் எண் ஒரு டைப்பிஸ்ட், நிரந்தர வேலை. மூன்றாம் எண் கிடங்கில் மூட்டை நிறுப்பவர். இரண்டு பெண் குழந்தைகள். ஏழு வருடமாகத் தற்காலிகம், முந்தைய போட்டிக்குப் பிறகுதான் அணிக்கு வந்தார். கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்கான பட்டியலில் பெயர் வந்த தற்காலிகக்காரரை நிரந்தரமாக்குவது எங்கள் கம்பெனியின் வழக்கம். அந்த வருடம் சென்னைக் கிளையிலிருந்து நல்ல பேக் ஒருவர் மாற்றலாகி வந்துவிட்டார். பழைய இருவரில் ஒருவருக்குத்தான் இடம்.

பதினோரு ஆட்டங்களில் இரண்டாம் எண் பந்தைப் பறிகொடுத்தது இருபத்துமூன்று தடவை. மூன்றாம் எண் அறுபத்துநான்கு. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், குறையவில்லை.

படகு ஜெட்டி அருகே சாயாக் கடையில் சேட்டனிடம் சொன்னேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு, "அவன் முன்னால நின்னா எனக்கு ஒரு தைரியம் உண்டு, சாரே. எனக்கு அது மட்டும்தான் அறியும்" என்றார்.

"தைரியத்தை எத்தனைன்னு எழுதறது?"

"எழுத வேண்டாம். குடையை மடக்கிட்டு இந்தப் பக்கம் வந்து பாருங்க."

ஈரம் எனக்கு ஆகாது என்றேன். கடையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் எண் இல்லாமலே பட்டியலை டைப் செய்து அதிகாரியின் மேசையில் வைத்தேன். மறுநாள் ஒன்பது மணித் தபாலில் அது போகும். சாயங்காலம் வெளியே வரும்போது தராசடியில் மூன்றாம் எண்காரர் நின்றிருந்தார். பட்டியலைப் பற்றிக் கேட்பாரோ என்று பயந்தேன். இருமல் தேவலையா என்றுதான் கேட்டார்.

அன்று வீட்டில் சலவைக்காரர் காத்திருந்தார். கோட்டைக் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க்காரர். அணியின் துணிகளை அவரிடம்தான் போடுவோம். ஆட்டக்காரர்களின் காலுறைகள் மாறிப்போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் எண் தைக்கச் சொல்லியிருந்தேன். என் மனைவி முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். எண்ணினேன், இருபத்திரண்டு சரியாக இருந்தது. அவர் ஒரு சோடியைத் தனியாக எடுத்து வைத்தார்.

"சாமி, இந்த மூணாம் நம்பர்காரர் பந்து விளையாடுறாரா, நாத்து நடுறாரா? மூணு தடவ அடிச்சாலும் சேறு போகல. வாராவாரம் இதே கதை. ரெண்டாம் நம்பரப் பாருங்க, கல்யாணத்துக்கே போட்டுட்டுப் போகலாம்."

காலுறைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மைதானத்தின் காயல் பக்கம் பள்ளம். தண்ணீர் ஏறும்போது அங்கே சேறாகிவிடும், பந்து நகராது. பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறுவதால், சேறு இரண்டு பேக்குக்கும் சமமாகத்தான் வர வேண்டும். ஆனால் இடைவேளை முடிந்ததும் இவர்கள் இருவரும் தங்களுக்குள் இடம் வலம் மாற்றிக்கொள்வார்கள். டைப்பிஸ்டுக்குச் சேறு பிடிக்காது, மற்றவர் விட்டுக்கொடுப்பார். இரண்டு பாதியும் அவருக்குத்தான் பள்ளம். பதினோரு ஆட்டத்திலும் அதை என் கண்ணால் பார்த்திருந்தேன். நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை.

மறுநாள் முதல் படகு ஏதோ பழுதாகி வரவில்லை. இரண்டாவது வந்தபோது இரண்டு படகுக் கூட்டமும் அதில் ஏறியது. எண்ணினேன். பலகையில் இருந்ததைவிடப் பதினான்கு பேர் அதிகம். பதினைந்தாவதாக நான் ஏறினேன். தீவு வரும்வரை கம்பியை விடவில்லை.

தபால் பை கட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். பெயரை ஏன் மாற்றுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். எண்ணியதில் தவறு என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. உடனே கையெழுத்துப் போட்டார்.

சேட்டனுக்கு விஷயம் தெரிந்ததும் கிரேனிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "ஒரு கொல்லமா, ஒரு வருஷம் முழுக்க நான் சொல்றேன், கேட்கல. வெளுக்கிறவர் ஒரு தடவ சொன்னதும் கேட்டுட்டீங்க, அல்லே?"

"அவர் எண்ணிச் சொன்னார்" என்றேன்.

போட்டியில் இரண்டாம் ஆட்டத்திலேயே தோற்றோம். மூன்றாம் எண் ஒன்பது தடவை பந்தைப் பறிகொடுத்தார். எங்கே நின்று என்பதையும் சேர்த்து எழுதினேன். இரண்டு மாதம் கழித்து நிரந்தர உத்தரவு வந்தது. அதை அவர் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார். காலுறைக் கதையை அவரிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த வருடம் நாற்காலியைக் காயல் பக்கம் போட்டேன். நான்கு தடவை சளி பிடித்தது.