சோபாக்காரரின் மதியமும் இரண்டு வேட்டை நாய்களும்

எங்கள் தெருவில் பழைய சோபாக்களுக்கு மறுபிறவி கொடுப்பவரைச் சோபாக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கிழிந்த துணியை உரித்து, தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டே உலக அரசியல் பேசுவார். வாயில் ஆணி இருப்பதால் அவர் எந்தக் கட்சி என்று இதுவரை யாருக்கும் விளங்கியதில்லை. அவருக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது.

வேலை முடிந்த எந்தச் சோபாவும், அதில் அவர் ஒரு மதியம் தூங்கி எழாமல் கடையை விட்டு வெளியே போகாது. சாப்பிட்டு முடித்ததும் ஷட்டரைப் பாதி இறக்குவார், செருப்பைக் கழற்றுவார், காலை நீட்டுவார். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் பரிசோதனை. எங்காவது ஸ்பிரிங் குத்தினால் தூக்கம் கலையும். கலைந்தால் பிரித்து மறுபடியும் கட்டுவார். வாடிக்கையாளர்களும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். விடுமுறை நாளில் யாராவது போன் செய்தால் மகள் எடுத்து, "அப்பா டெஸ்டிங்ல இருக்கார்" என்பாள். ஏதோ ராக்கெட் கிளம்பப் போகிற மாதிரி எதிர்முனையில் குரல் தணிந்துவிடும். சோபாவே வராத மதியங்களிலும் பரிசோதனை நடந்ததுண்டு. பழைய சோபா பழையபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

மனைவி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவர். உட்கார்ந்திருப்பதே ஒரு வியாதி என்பது அவர் கொள்கை. அவர்தான் வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ஆரம்பித்தார். மகள் அந்த நிமிடமே கட்சியில் சேர்ந்தாள். ஆனால் எந்த நாய் என்பதில் கட்சி உடைந்தது. அம்மாவுக்கு ஜெர்மன் பாயின்டர்: வெள்ளை உடம்பில் காப்பித்தூள் சிந்திய மாதிரி புள்ளிகள், பந்தயக்காரன் தோள். மகளுக்கு வீஸ்லா: உடம்பெல்லாம் செம்பு நிறம், ஆளை விட்டு அகலாத பாசம். இரண்டுமே வேட்டைக்காரனோடு நாளெல்லாம் காடு மேடு அலைவதற்கென்றே வளர்த்தெடுத்த சாதி. உட்கார்ந்தபடி வேட்டையாடுகிற ரகம் ஏதும் இல்லையா என்று சோபாக்காரர் பணிவாகக் கேட்டுப் பார்த்தார். அந்தக் கேள்வி விவாதத்தில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆக முடிவு அவர் தலையில் விழுந்தது. பகலில் மனைவி குளத்தில், மகள் பள்ளியில். நாய் இருக்கப்போவது கடையில், அதாவது பரிசோதனைக் கூடத்தில். எந்த நாய் தன்னைத் தூங்க விடும்? வம்சம், அறிவு, அழகு எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். வெளியே மட்டும், குடும்ப நலனை முன்னிட்டு யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சோபாத் துணியை அவர் சாம்பிள் புத்தகத்தில் காட்டி விற்பதில்லை. ஒரு நாள் வாடிக்கையாளர் வீட்டிலேயே போர்த்திவிட்டு வருவார்; பகல் வெளிச்சத்தில் பார்த்து அவர்களே முடிவு செய்யட்டும் என்பார். நாய் வளர்த்து விற்கும் அம்மாளிடமும் அதையே கேட்டார்: இரண்டிலும் ஒவ்வொரு சாம்பிள், நாய்க்கு ஒரு நாள். அந்த அம்மாளிடம் இப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை. சிரித்து முடித்த பிறகு சம்மதித்தார்.

சனிக்கிழமை பாயின்டர் நேரே கடைக்கு வந்து இறங்கியது. ஜன்னல் மேல் ஒரு புறா இருந்தது. அதைக் கண்டதும் நாய் முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, வாலை நீட்டி, சிலையாகிவிட்டது. ஆஹா, என்ன அடக்கம் என்று சோபாக்காரர் மெச்சிக்கொண்டே படுத்தார். கண் சொக்கும் நேரத்தில் புறா பறந்தது. புறாவுக்கும் நாய்க்கும் நடுவில் இருந்தது அவர் வயிறு. அதற்குப் பிறகு கடை முழுக்கப் பஞ்சு பறந்தது. அவர் வாயிலிருந்தும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீஸ்லாவை மகளே போய் அழைத்து வந்தாள். அது அவர் காலடியில் சுருண்டு, பாதத்தின் மேல் தலையை வைத்து, அவருக்கு முன்பே தூங்கிப்போனது. எழுந்ததும் அவர் தீர்ப்புச் சொன்னார். குணம்தான் முக்கியம், குடும்பத்துக்கு ஏற்ற நாய் வீஸ்லாதான். மனைவி ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நாய் நிரந்தரமாக வந்த முதல் மதியம் அது ஒவ்வொரு சோபாவிலும் ஏறி இறங்கியது. அளவு நாடாவைத் தின்றது. அவர் கண்ணை மூடினால் ஈர மூக்கை இமையில் வைத்துத் திறந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாம்பிள் வேறு, சரக்கு வேறு என்று பொருமினார்.

"சரக்கு அதேதான்ப்பா," என்றாள் மகள். "அன்னைக்கு விடியக்காலையிலேயே நான் சைக்கிள்ல, அது பின்னால. மைதானத்தைச் சுத்தி அது நாக்கு தொங்குற வரைக்கும் ஓட்டிட்டுத்தான் கொண்டு வந்தேன்."

"அது தெரிஞ்சுமா நீ பேசாம இருந்தே?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்கதானே தேர்ந்தெடுத்தீங்க? தேர்ந்தெடுத்தவங்க ஓடுங்க. எனக்கு எந்த நாய் வந்தா என்ன, நீங்க ஓடணும், அவ்வளவுதான்."

தூக்கம் வேண்டுமானால் ஓடித்தான் ஆகவேண்டும். சோபாக்காரர் ஓட ஆரம்பித்தார். முதலில் நாய் அவரை இழுத்துப் போனது; பிறகு இருவரும் ஏறக்குறைய ஒரே ஊரில் ஓடினார்கள். மதியம் இருவரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள். அப்படியொரு தூக்கத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

அப்போதுதான், சோபா கட்டி வாங்கிப் போன ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் போன் செய்தார்.

"நீங்க தூங்கிப் பார்த்த சோபாதானே இது?"

"பிரமாதமா தூங்கினேன் டீச்சர்."

"என்னால உக்காரவே முடியல. ஆணி மேல உக்கார்ற மாதிரி இருக்கு."

அவர் போய் உட்கார்ந்து பார்த்தார். உண்மைதான்; நடுவில் ஒரு ஸ்பிரிங் ஈட்டி மாதிரி நின்றது. அதன் மேல்தான் அவர் குறட்டை விட்டிருக்கிறார். ஓடிக் களைத்தவன் ஜல்லிக் குவியலிலும் தூங்குவான் என்று அப்போதுதான் உறைத்தது. சோபாவைத் திரும்ப எடுத்து வந்து கட்டிக் கொடுத்தார். இன்னொரு போன் வருவதற்குள் வழி தேடியாக வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து ஓட்டத்துக்கு முன்னால், விடியலில் கடையைத் திறந்து சோபாவில் படுத்தார். வாசலில் நாய் ஓடப் போகும் ஆவலில் முறைத்துக்கொண்டிருக்கும்போது எவனுக்குத் தூக்கம் வரும்? முழித்துக்கொண்டே புரண்டார். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தன் குறையைத் தானே சொன்னது. இத்தனை வருஷம் தூங்கிக் கண்டுபிடித்ததைவிட, விழித்திருந்து கண்டுபிடித்தது அதிகம். புகார் நின்றது.

ஒரு விடுமுறை நாள் மதியம் மனைவி சாப்பாட்டுப் பாத்திரம் எடுக்கக் கடைக்கு வந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே சோபாவில் அவரும், அவர் மேல் பாதி உடம்பைப் போட்டபடி நாயும்.

"பரிசோதனையெல்லாம் காலையிலேயே முடிஞ்சுடுதே," என்றார் மனைவி. "அப்போ இது என்னங்க?"

சோபாக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். வாயில் ஆணி இல்லை. வேறு வழியும் இல்லை.

"தூக்கம்," என்றார்.

 மனைவி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மீதி ஷட்டரையும் இறக்கிவிட்டுப் போனார்.