செவ்வாய்க்கிழமை இழவு

அதுசெய் என்ற இளைஞனை அவன் அப்பா அறிமுகப்படுத்தும்போது "என் மகன்" என்பதில்லை, "எங்க வீட்டு பி.எஸ்ஸி." என்பார். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். சுன்யானி நகரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலை. ஆறு மாத சோதனைக் காலம் அந்த வார வெள்ளிக்கிழமை முடிகிறது. டைரக்டர் போதேமா மேடம் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம்.

மோசடி மின்னஞ்சல்களில் யாரும் ஏமாறாமல் பார்த்துக்கொள்வதே அவன் முக்கிய வேலை. அனுப்பியவர் முகவரியைப் பார், அவசரப்படுத்தினால் சந்தேகப்படு, பாஸ்வேர்ட் கேட்டால் தொடாதே என்று அச்சடித்து, சொந்தச் செலவில் லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தான். லாட்டரி மெயிலில் சிக்கிய குமாஸ்தாவிடம், "படிச்சவங்கதானே நீங்க?" என்று கேட்டவன் அவன்.

புதன்கிழமை காலை அவனுக்கு ஒரு மெயில் வந்தது. டைரக்டரின் தாயார் நேற்றுக் காலமானார், வரும் செவ்வாயன்று அடக்கம், எல்லாரும் உடுத்த வேண்டிய துக்கத் துணியின் நிறம் அறியவும் வருவோர் பட்டியலில் சேரவும் அலுவலக பாஸ்வேர்டைத் தட்டுங்கள் என்றிருந்தது. அழுவோர் பெயர்களைப் போட்ட இரங்கல் போஸ்டரும் கூடவே இருந்தது. முகவரி ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. துக்க வீட்டில் யாரோ அவசரத்தில் அனுப்பியிருப்பார்கள் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். மேடம் அன்று வெளியூரில் இருந்தது அதற்குத் தோதாகிவிட்டது. பந்தலில் தன் நாற்காலி மட்டும் காலியாகக் கிடப்பதையும் மேடம் அதைக் கவனிப்பதையும் நினைத்துப் பார்த்தான். விரல்கள் தாமாகப் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டன.

பத்தே நிமிடத்தில் அதே மெயில் அவன் பெயரில் தானாகவே அலுவலகத்தில் இருந்த நாற்பத்து மூன்று பேருக்கும் போனது. அதுசெயே அனுப்பியிருக்கிறான் என்று அவர்களும் தட்டினார்கள். மதியத்துக்குள் துக்க உடை தைக்கச் சொல்லித் தையல்காரர்களுக்குப் போன் பறந்தது.

தரை துடைக்க வந்த அஃப்ரியே என்ற பணிப்பெண் அவன் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அவன் வயதுதான்.

"ஐயே, கிராஜுவேட் சார்! செவ்வாக்கெழம யாரு சார் பொணம் எடுக்கிறா? நம்ம ஊர்ல சனிக்கெழமதானே?"

"ஏதாவது அவசரமா இருக்கும்."

"செத்தவங்களுக்கு என்ன சார் அவசரம்? ஒடனே பொதைக்க டைரக்டரோட அம்மாவா, செத்த கோழியா? ரெண்டு மாசமாவது ஐஸ்பெட்டில இருக்க வேணாமா? லண்டன்ல இருக்கிற பேரப்புள்ளைங்க வர வேணாமா? இந்த போஸ்டர்ல அழறதுக்கு மொத்தமே நாலு பேரு. எங்க வீட்டு எழவுக்கே நாப்பது பேரு போடுவோம்!"

அவன் அனுப்பியவர் முகவரியை மறுபடி பார்த்தான். லாட்டரி மெயிலில் சிக்கிய குமாஸ்தாவை ஆசை பிடித்து இழுத்தது. தன்னைப் பிடித்தது எது என்று சுவரில் எங்கும் எழுதவில்லையே.

எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றவைத்தான். வெள்ளிவரை வாயைத் திறக்காமல் இருக்கலாமா என்றும் யோசித்தான். ஆனால் சாயங்காலம் மேடம் திரும்பியதும் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னான். மேடம் போனை எடுத்துத் தாயாருக்கே அடித்து, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார். தாயாரின் குரல் அதட்டியது:

"சாவு வரும்போது வரட்டும். அழறதுக்கு நாலே பேருன்னு போட்டது எவன்டா?"

வெள்ளிக்கிழமை கையெழுத்து விழவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் மேடம். அதுசெய் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றி அடியில் எழுதினான்: 'பயமாக இருந்தால் தட்டாதே, எழுந்து போய் யாரிடமாவது கேள்.'

அஃப்ரியே துடைப்பத்தை ஊன்றி நின்று படித்தாள். "யாரிடமாவதுன்னு ஏன் சார்? எம்பேர எழுதுங்க."

எழுதினான்.