கருகின ஓரம்

கரம்பொனில், கனடாவில் இருக்கிற ஆக்களின் வீடொன்றுக்குத் தண்ணி மோட்டர் திருத்தப் போன இடத்தில்தான் அந்த அக்காவைக் கண்டனான். வீட்டைப் பார்த்துக்கொள்பவர். மெலிந்த கையில் ஒரு கத்தரிக்கோல். கிணற்று உவர்த்தண்ணியால் ஹோலில் நின்ற செடிகளின் பெரிய இலைகள் ஓரம் கருகியிருந்தன. கருகினதை இலையின் வடிவம் கெடாமல் வளைத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணி விட்டால் என்ன, அக்கா?"

"பவுசர் லொறியில வாற தண்ணி குடிக்கவே காணாது, தம்பி. அங்கயிருந்து வீடியோ கோலில பார்க்கேக்க பச்சையாத் தெரிஞ்சால் காணும்."

"அடிக்கடி கோல் எடுக்கினமோ?"

"வீட்டுக்கார அம்மா அங்க கண்ணை மூடினாப்பிறகு ஒருத்தரும் எடுக்கிறேல்லை. எடுத்தால் காட்ட வேணுமே."

கடைசிச் செடியின் இலையில் நடு நரம்பும் விரலகலப் பச்சையும்தான் மிச்சம். அதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார்.